ஒரு பானை சூப், மூன்று ராமென். டொன்கோட்சுவுக்கு மட்டும் தனி அடுப்பு

ராமென் எனும் ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பில் ஐந்து உறுப்புகள்: சூப், தாரே, வாசனை எண்ணெய், நூடுல்ஸ், மேலே வைக்கும் பொருள்கள். கடைப் பலகையில் ஷோயு, ஷியோ, மிசோ என்று இருப்பதெல்லாம் தாரேயின் பெயர். சோயா சாஸ், உப்பு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) என்று பொருள். டொன்கோட்சு மட்டும் சூப்பின் பெயர், அதாவது பன்றி எலும்பு. இது மனதில் பதிந்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். ஒரே கோழி சூப்பை வைத்து மூன்று வகை ராமென் செய்யலாம். நாலாவதுக்குத்தான் தனிப் பானை வேண்டும்.

தாரே என்பது உப்பும் சாரமும் சேர்ந்த கெட்டிக் கரைசல். கிண்ணத்தின் அடியில் அதை ஊற்றி, மேலே சூப்பை ஊற்றுவார்கள். சூப்பில் ஒரு சிட்டிகை உப்புகூடப் போடுவதில்லை. வீட்டு ராமென் கெடுவதற்கு முதல் காரணமே சூப்பில் உப்புப் போட்டு ருசி பார்ப்பதுதான். பிறகு தாரேயைக் குறைக்க வேண்டி வரும், வகைக்குரிய ருசியே காணாமல் போகும். உப்பில்லாத சூப் வாயில் சப்பென்றுதான் இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள்.

கிச்சன் தராசு கட்டாயம் வேண்டும். கீழே உள்ள சூப்பும் ஷோயு, ஷியோ தாரேக்களும் 8 கிண்ணத்துக்கானவை. மிசோ தாரே, நூடுல்ஸ், கறி ஆகியவை 4 கிண்ணத்துக்கு.

வெள்ளி இரவு: ஊறப்போடுபவை

500 மி.லி. குளிர்ந்த நீரில் 15 கிராம் கோம்பு. கோம்பு காய்ந்த கடற்பாசி. மேலே பூத்திருக்கும் வெள்ளைத் தூள் அழுக்கல்ல, கழுவக் கூடாது. ஈரத்துணியால் மணலை மட்டும் தட்டிவிட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கோம்புச் சாற்றிலிருந்துதான் 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெதா குளுட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். கட்சுவோபுஷி எனும் உலர் சூரை மீனில் இருப்பது இனோசினேட் எனும் இன்னொரு உமாமிப் பொருள். கோழியிலும் அது உண்டு. இரண்டும் சேரும்போது சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. கோழி சூப்போடு கோம்புச் சாறு சேர்ப்பது அதனால்தான், அலங்காரத்துக்கு அல்ல.

சனிக்கிழமை காலை: தெளிந்த சூப்

கோழி எலும்புக்கூடு 1.5 கிலோ, கோழிப் பாதம் 300 கிராம், தண்ணீர் 3 லிட்டர். கறிக்கடையில் நெஞ்சுக்கறி எடுத்தபின் மிஞ்சும் கூடு மலிவாகவே கிடைக்கும். பாதத்தில் நகத்தை வெட்டி, மஞ்சள் தோலை உரித்துவிட வேண்டும். பாதம் போடுவது ஜெலட்டினுக்காக. ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கட்டியாக உறையுமே, அதே சங்கதி. ஜெலட்டின் இல்லாத சூப் நூடுல்ஸில் ஒட்டாமல் தண்ணீராக வழிந்துவிடும்.

கூட்டின் உட்புறம் முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புச் சதையை விரலால் தோண்டிக் கழுவுங்கள். சூப் கலங்குவதும் கசப்பதும் அதனால்தான். குளிர்ந்த நீரிலேயே போட்டு, நடுத்தர தீயில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதி வரும் முன் சாம்பல் நிற நுரை திரண்டு வரும். முதல் 20 நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் அதை வழித்தெடுங்கள். பிறகு தீயைக் குறைத்து 90 டிகிரியில் 5 மணி நேரம். வெப்பமானி இல்லையென்றால் அடையாளம் இதுதான்: பானை ஓரத்தில் இரண்டு மூன்று குமிழ் சோம்பலாக எழ வேண்டும், நடுப்பகுதி அசையக் கூடாது. தளதளவென்று கொதித்தால் கொழுப்பு உடைந்து நீரில் கலந்து, சூப் பால்போல் வெளுக்கும். டொன்கோட்சுவுக்கு அதுதான் வேண்டும், இங்கே அதுவே பிழை. மூடி போடக் கூடாது, கிளறக் கூடாது.

கடைசி ஒரு மணி நேரத்தில் வெங்காயம் 1, இஞ்சி 20 கிராம், பூண்டு 4 பல், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஒரு கைப்பிடி. தொடக்கத்திலேயே போட்டால் காய்கள் குழைந்து சூப்பைக் கலக்கிவிடும், வாசனையும் போய்விடும்.

மெல்லிய துணி விரித்த வடிகட்டியில், கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றி வடிக்க வேண்டும். எலும்பைப் பிழியாதீர்கள். சுமார் 2 லிட்டர் கிடைக்கும். பானையைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே மஞ்சள் கொழுப்பு உறையும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். கீழே இருப்பது அல்வாபோல் ஆடினால் சூப் சரி. தண்ணீராகவே இருந்தால் அடுத்த முறை பாதத்தை 500 கிராமாக்குங்கள். இந்த முறைக்கு, சூப்பை இன்னும் கால் பங்கு வற்றவிடலாம்.

ஊறிய கோம்பு நீரை 60 டிகிரிவரை மெதுவாகச் சூடாக்கி, கோம்பை எடுத்துவிட வேண்டும். அதோடு கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். எடுத்தபின் 85 டிகிரிக்கு ஏற்றி, அடுப்பை அணைத்து, 20 கிராம் கட்சுவோபுஷியைத் தூவி 3 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் புளிப்பும் துவர்ப்பும் வரும். இந்தச் சாற்றைக் கோழி சூப்போடு கலந்தால் ஏறத்தாழ 2.4 லிட்டர், கிண்ணத்துக்கு 300 மி.லி.

நிபோஷி போட விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிபோஷியும் நெத்திலி வகைதான், ஆனால் வேகவைத்து உலர்த்தியது. நம் நெத்திலிக் கருவாடு உப்பிட்டு வெயிலில் காய்ந்தது. அதை அப்படியே போட்டால் உப்பும் கவிச்சியும் சூப்பை மூழ்கடிக்கும். நிபோஷி கிடைத்தால் தலையையும் கறுத்த குடலையும் கிள்ளிவிட்டு 15 கிராம் போதும்.

தாரே: கணக்குப் போட்டுச் செய்ய வேண்டியது

ஒரு கிண்ணத்தில் 30 மி.லி. தாரே, 300 மி.லி. சூப். மொத்த உப்பு 1.5 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நாக்குக்குச் சரியாக இருக்கும். அதாவது கிண்ணத்துக்கு 5 கிராம் உப்பு.

ஷோயு தாரே: கொய்குச்சி எனும் வழக்கமான ஜப்பானிய சோயா சாஸ் 200 மி.லி., மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது) 40, சகே (அரிசி மது) 40, உப்பு 12 கிராம், கோம்பு 5 கிராம், உலர்ந்த ஷிடாக்கே காளான் 2. முதலில் மிரினையும் சகேயையும் 2 நிமிடம் கொதிக்கவிட்டு ஆல்கஹாலைப் போக்க வேண்டும். பிறகு மற்றவற்றைச் சேர்த்து, கொதிக்காமல் 80 டிகிரியில் 10 நிமிடம். சோயா சாஸ் கொதித்தால் மணம் பறந்துபோய்க் கருகிய வாடைதான் மிஞ்சும். கொய்குச்சியில் 100 மி.லி.க்கு 16 கிராமை ஒட்டி உப்பு இருக்கும். ஆக 200 மி.லி.யில் 32, கூடப் போட்டது 12, மொத்தம் 44 கிராம். எட்டாகப் பிரித்தால் 5.5. உங்கள் புட்டியின் லேபிளில் வேறு அளவு இருந்தால் அந்த 12 கிராமைக் கூட்டிக் குறையுங்கள். ஃபிரைட் ரைஸுக்கு ஊற்றும் கறுத்த கெட்டி டார்க் சோயா சாஸ் வேண்டவே வேண்டாம். நிறம்தான் வரும், மணம் வராது. மிரின் இல்லையென்றால் 12 கிராம் சர்க்கரையும் 30 மி.லி. நீரும்.

ஷியோ தாரே: தண்ணீர் 200 மி.லி., கோம்பு 10 கிராம், கடல் உப்பு 40 கிராம், சகே 50 மி.லி., மிரின் 20, வெளிர் சோயா சாஸ் 10, அரிசி வினிகர் 5. கோம்பை அந்த நீரிலேயே 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தபின் மற்றதெல்லாம். மூன்றிலும் கடினமானது இதுதான் என்பது எங்கள் முடிவு. மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. சூப்பில் சிறு கசப்பு இருந்தாலும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். வட ஜப்பானின் ஹொக்கைதோ தீவில் உள்ள துறைமுக ஊரான ஹகோதாதேயின் ராமென் இந்த வகை. கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குச் சூப் தெளிவாக இருக்கும்.

மிசோ தாரே, 4 கிண்ணத்துக்கு: சிவப்பு மிசோ 150 கிராம், வெள்ளை மிசோ 50, வெள்ளை எள் விழுது 20, துருவிய பூண்டு 10, இஞ்சி 5, சகே 15 மி.லி., சோயா சாஸ் 15 மி.லி. எல்லாம் கலந்து ஓரிரவு ஃபிரிட்ஜில். பச்சைப் பூண்டின் காரம் தணிய அந்த ஓரிரவு தேவை.

நூடுல்ஸ்

ராமென் நூடுல்ஸை மற்ற கோதுமை நூடுல்ஸிலிருந்து பிரித்துக் காட்டுவது கன்சுய் என்ற காரநீர். இங்கே காரம் என்பது மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான வேதிக் காரம். பொட்டாசியம் கார்பனேட், சோடியம் கார்பனேட் கலவை அது. மாவுக்கு இழுவையும் அந்தத் தனி வாசனையும் தருவது அதுதான். மாவிலேயே இருக்கும் நிறமிகள் காரத்தில் மஞ்சளாகும், வேறு நிறம் தேவையில்லை. இன்னும் மஞ்சளாகட்டும் என்று மஞ்சள் தூள் சேர்த்தால், காரம் பட்டு அது சிவந்துவிடும்.

கன்சுய்க்குப் பதில் சமையல் சோடாவைச் சுட்டுக்கொள்ளலாம். 100 கிராம் சோடாவைத் தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி எடை 63 கிராம் அளவுக்கு இறங்கினால் முழுதும் சோடியம் கார்பனேட் ஆகிவிட்டது என்று பொருள். இறங்கவில்லையென்றால் இன்னும் அரை மணி நேரம். அலுமினியத் தட்டு வேண்டாம், காரம் அரிக்கும். தூள் தோலையும் கண்ணையும் எரிக்கும், கரண்டியாலேயே கையாளுங்கள். சுடாத சோடாவைப் போட்டால் காரம் போதாது. நூடுல்ஸ் வெளுத்து, கொதிநீரில் வழவழத்துவிடும்.

4 கிண்ணத்துக்கு: மைதா 400 கிராம், தண்ணீர் 152 மி.லி., உப்பு 4 கிராம், சுட்ட சோடா 5 கிராம். புரதம் 12 சதவீதம் இருக்க வேண்டும். பாக்கெட்டில் 10 என்று போட்டிருந்தால், 12 கிராம் மைதாவை எடுத்துவிட்டு அதற்குப் பதில் 12 கிராம் கோதுமை குளூட்டன் கலந்துகொள்ளுங்கள். சோடாவையும் உப்பையும் நீரில் முழுதாகக் கரைத்து, மூன்று தவணையாக மாவில் தெளித்து விரலால் கிளற வேண்டும்.

இங்கேதான் பலர் பயந்து தண்ணீரைக் கூட்டிவிடுகிறார்கள். 38 சதவீத நீரில் மாவு உருண்டு வராது, வரவும் கூடாது. பதம் புட்டு மாவின் பதம்: கையில் அள்ளிப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்த நிலையில் கவரில் போட்டு இறுகக் கட்டி ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரம் தானாகப் பரவும். பிறகு கவரோடு தரையில் வைத்துக் குதிகாலால் மிதித்துத் தட்டையாக்கி, பாஸ்தா மெஷினின் அகலமான இடைவெளியில் விட வேண்டும். முதல் முறை ஓரமெல்லாம் கிழிந்து, ஓட்டை ஓட்டையாக வரும். இரண்டாக மடித்து மறுபடியும், மறுபடியும். நாலாவது ஐந்தாவது முறையில் சட்டென்று பட்டுத் துணிபோல் வழவழப்பாகும். அரை மணி நேரம் ஓய்வு கொடுத்து 1.5 மி.மீ. தடிமனுக்கு இழுத்து வெட்டி, சோள மாவு தூவி, ஃபிரிட்ஜில் ஓரிரவு. அன்றே வேகவைத்தாலும் வேகும், ஆனால் மறுநாள் நூடுல்ஸின் இழுவை வேறு. மெஷின் இல்லாமல் உருட்டுக்கட்டையால் தேய்ப்பதானால் நீரை 42 சதவீதமாக்குங்கள்.

வேகவைக்கும்போது 2 பங்குக்கு 4 லிட்டர் நீர், உப்பில்லாமல். ஒன்றே முக்கால் நிமிடத்தில் ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே எடுத்துவிட வேண்டும், மீதி கிண்ணத்தில் வேகும்.

கறியும் முட்டையும்

சாஷு: பன்றி வயிற்றுக்கறி 800 கிராம், சுருட்டி நூலால் கட்டி, எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டி, சோயா சாஸ் 150 மி.லி., சகே 100, மிரின் 100, சர்க்கரை 40 கிராம், தண்ணீர் 400, இஞ்சி, வெங்காயத்தாள். மிதமான தீயில் இரண்டரை மணி நேரம், அரை மணிக்கொரு தரம் திருப்ப வேண்டும். சாற்றிலேயே ஆறி, ஃபிரிட்ஜில் இறுகிய பிறகுதான் வெட்ட வேண்டும். சூடாக வெட்டினால் நார்நாராகக் கழன்றுவிடும்.

அஜிதமா: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையின் அகலமான முனையில் ஊசியால் துளையிட்டு, கொதிக்கும் நீரில் ஆறரை நிமிடம். முதல் 2 நிமிடம் நீரைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் மஞ்சள் கரு நடுவில் நிற்கும். உடனே பனிக்கட்டி நீர். சோயா சாஸ் 100 மி.லி., கொதித்து ஆறிய மிரின் 50, தண்ணீர் 150 கலந்து அதில் 8 முதல் 12 மணி நேரம். ஒரு நாளைத் தாண்டினால் வெள்ளை ரப்பராகும், கருவும் இறுகும்.

ஞாயிறு மதியம்: கிண்ணத்தில்

எடுத்து வைத்த கோழிக் கொழுப்பில் 100 கிராமை, வெங்காயத்தாளும் இஞ்சித் துண்டும் போட்டு, தாள் பழுப்பாகும் வரை சிறு தீயில் காய்ச்சி வடித்தால் அதுவே வாசனை எண்ணெய்.

டோக்கியோ ஷோயுவுக்கு: கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி வைத்து, நூடுல்ஸை அடுப்பில் போட்டபின் அதைக் கொட்டுங்கள். தாரே 30 மி.லி., எண்ணெய் 12 மி.லி., கொதி நிலையில் சூப் 300 மி.லி. நூடுல்ஸை நன்றாக உதறி, நீர் சொட்டாமல் இறக்கி, குச்சியால் ஒரு முறை தூக்கி மடித்து வையுங்கள். மேலே சாஷு, மென்மா எனும் புளித்த மூங்கில் குருத்து, நோரி எனும் உலர்ந்த கடற்பாசித் தாள், வெங்காயத்தாள். மேலே மிதக்கும் எண்ணெய் சிறு சிறு பொன் வட்டங்களாகப் பிரிந்து நின்றால் எல்லாம் சரி. ஒரே படலமாக மூடியிருந்தால் எண்ணெய் அதிகம். வட்டங்கள் மங்கி உறைந்தால் கிண்ணம் குளிர்ந்துவிட்டது. 1910-இல் டோக்கியோ அசகுசாவில் ரைரைக்கென் கடை, யோகோஹாமாவிலிருந்து வந்த சீனச் சமையற்காரர்களை வைத்து விற்றதும் சோயா சாஸ் ராமென்தான்.

ஷியோவும் இதே வரிசை. எண்ணெயை 8 மி.லி.யாகக் குறைத்து, சாஷுவை மெல்லியதாக வெட்டுங்கள். சாஷு வெந்த கறுப்புச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் சூப்பின் நிறம் கெடும்.

ஹொக்கைதோவின் சப்போரோ ஊர் மிசோவுக்கு வாணலி வேண்டும். மிசோவைக் கிண்ணத்தில் கரைத்துச் சூப்பை ஊற்றினால் அது மிசோ சூப்தான், மிசோ ராமென் அல்ல. ஒரு கிண்ணத்துக்குப் பன்றிக் கொழுப்பு 15 கிராம், புகை எழும்வரை காய வேண்டும். கொத்துக்கறி 30 கிராம், வெங்காயம் 30, முளைப்பயறு 100, பெரிய தீயில் ஒரு நிமிடம். வாணலி ஓரத்தில் 55 கிராம் மிசோ தாரேயைப் போட்டு 20 வினாடி வதக்கி, மணம் எழும்பியதும் சூப் 300 மி.லி. ஊற்றி அரை நிமிடம் கொதி. 20 வினாடி என்பதில் கவனம் வேண்டும். மிசோ அடிப்பிடித்தால் கசப்பு போகாது, அந்தக் கிண்ணம் வீண். வீட்டு அடுப்பில் ஒரு தடவைக்கு ஒரு கிண்ணம்தான். நாலையும் சேர்த்துப் போட்டால் முளைப்பயறு நீர்விட்டு, வதங்காமல் வெந்துவிடும். மேலே படரும் கொழுப்புப் படலம் சூட்டை அடைத்து வைக்கும். பனிகொட்டும் சப்போரோவில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. நூடுல்ஸ் தடிமனாக, கையால் பிசைந்து சுருளவிட்டதாக இருக்க வேண்டும்.

டொன்கோட்சு

கியூஷு தீவின் குருமே ஊரில் 1937-இல் நான்கின் சென்ரியோ என்ற தள்ளுவண்டிக் கடையில் பிறந்த பன்றி எலும்பு சூப் தெளிவாகத்தான் இருந்தது. 1947-இல் அதே ஊரின் சான்கியு கடையில் தீ கூடி அதிகம் கொதித்து வெளுத்துப்போனதுதான் இன்றைய வெள்ளை டொன்கோட்சுவின் தொடக்கம் என்று சொல்வார்கள். கொதி அதிகமானால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைகிறது, எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டின் அதைத் திரும்பச் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

பிளந்த தொடை எலும்பு 1.5 கிலோ, கால் குளம்புப் பகுதி 1 கிலோ, முதுகுக் கொழுப்பு 200 கிராம். எலும்பை 12 மணி நேரம் குளிர்ந்த நீரில், மூன்று முறை நீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். 15 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரை முழுதும் கொட்டி, ஒவ்வோர் எலும்பையும் பிரஷ் வைத்துத் தேய்த்து, கறுத்த இரத்தக் கட்டிகளைக் குச்சியால் நோண்டி எடுங்கள். இதில் சோம்பினால் சூப் சாம்பல் நிறமாகும், வாடையும் அடிக்கும். பிறகு 5 லிட்டர் நீரில் மூடிபோட்டு, பெரிய கொதியில் 12 மணி நேரம். நீர் எலும்புக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் கொதிநீர் ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றினால் கொதி அறுந்துவிடும்.

பிரஷர் குக்கரில் 3 மணி நேரத்தில் எலும்பு வெந்துவிடும். திறந்து பார்த்தால் சூப் வெளுக்காமல் இருக்கும். குக்கர் கெட்டதல்ல, அழுத்தத்தில் உள்ளே நீர் புரண்டு கொதிப்பதில்லை, அவ்வளவுதான். அதன்பின் மூடியில்லாமல் பெரிய தீயில் ஒன்றரை மணி நேரம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் பாலாகும். உதட்டில் தொட்டு இரண்டு உதட்டையும் சேர்த்தால் ஒட்ட வேண்டும். அதுவே பதம்.

கியூஷுவின் ஹகாதா முறையில் நூடுல்ஸ் மெல்லியது, நீர் 28 சதவீதத்தை ஒட்டி. வீட்டு பாஸ்தா மெஷின் 35-க்குக் கீழே திணறும். 35-இலேயே நின்று, 1 மி.மீ.க்கு இழுத்து, 45 வினாடி வேகவையுங்கள். மெல்லிய நூடுல்ஸ் சீக்கிரம் ஊதிப்போகும் என்பதால் அங்கே ஒரு கிண்ணத்துக்கு 100 கிராமுக்குள் போட்டு, தீர்ந்ததும் கயெதமா என்று கேட்டு இன்னொரு பங்கு அதே சூப்பில் வாங்கிக்கொள்வார்கள். வீட்டிலும் அதுவே நல்ல வழி. மேலே மரக்காது காளான், எள், சிவப்பு இஞ்சி ஊறுகாய்.

பன்றி உண்ணாதவர்களுக்கு தோரி பைத்தான்: கோழிப் பாதமும் இறக்கையும் 2 கிலோ, குக்கரில் ஒன்றரை மணி நேரம், பெரிய எலும்பை எடுத்துவிட்டு மீதியை ஹேண்ட் பிளெண்டரால் அடித்து வடித்தால் வெண்ணிறச் சூப். சைவத்துக்குக் கோம்பு 20 கிராம், ஷிடாக்கே 30 கிராம் ஊறிய சாறு 800 மி.லி., இனிப்பில்லாத சோயா பால் 400 மி.லி. சோயா பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கும் முன் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். ஜெலட்டின் இல்லாத குறையை மிசோ தாரேயில் இருக்கும் எள் விழுது ஓரளவு ஈடுகட்டும்.

மிஞ்சிய சூப்பை 300 மி.லி. பைகளில் அடைத்து உறையவைத்தால் ஒரு மாதம் தாங்கும். ஷோயு, ஷியோ தாரேக்களை ஃபிரிட்ஜில் வைத்தாலே ஒரு மாதம், மிசோ தாரேயில் பச்சைப் பூண்டு இருப்பதால் ஒரு வாரம். உறைந்த டொன்கோட்சு உருகும்போது கொழுப்பு பிரிந்து மேலே வரும். மறுபடி 5 நிமிடம் பெரிய கொதியில் வைத்தால் சேர்ந்துகொள்ளும். உறையவைத்த நூடுல்ஸை வெளியே உருகவிடாதீர்கள், ஈரம் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நேராகக் கொதிநீரில் போட்டு, 20 வினாடி கூடுதலாக வேகவைத்தால் போதும்.